சேர்க்கை வாங்கித் தருவதாகச் சொல்லி 18,500 ராண்ட் பறித்துக்கொண்டார்கள்

நேற்று மாலை அந்த அலுவலகத்தின் கதவை என் முகத்துக்கு நேரே சாத்தினார்கள். அந்தக் கொதிப்பு அடங்குமுன் இதை எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், பட்டப்படிப்புக்கு இடம் வாங்கித் தரும் ஒரு தனியார் ஆலோசனை அலுவலகத்தில் என் மகனின் முதலாண்டுப் படிப்புக்காக 18,500 ராண்ட் கட்டி ஏமாந்தோம்.

பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கின் முடிவு வந்த வாரம் அங்கே போனோம். மேசைமேல் முருகன் படமும் திருநீற்றுத் தட்டும் இருந்தன. "அக்கா, நம்ம பிள்ளைக்கு நான் செய்யாமல் வேறு யார் செய்வார்?" என்று அந்த மனிதர் தமிழில் கேட்டதும் என் மனம் இளகிவிட்டது. முழு ஆண்டுக் கட்டணமும் இதில் அடங்கும், தினம் இரண்டு மணி நேரம் படித்தால் போதும், தம்பி வேலைக்கும் போகலாம், அடுத்த ஆண்டிலிருந்து அரசின் என்.எஸ்.ஃபாஸ் மாணவர் உதவித்தொகை வந்துவிடும் என்று அடுக்கினார். தையல் வேலையில் சேர்த்த பணத்தை எடுத்து நீட்டினேன். நான் கொடுத்த ஒவ்வொரு தாளையும் அவர் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துத்தான் வாங்கினார்; அவர் கொடுத்த ரசீதை நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிப்ரவரியில் பாடப் பட்டியல் வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஒரு தனியார் கல்லூரியில் தலா 12 கிரெடிட் (பாடத்தின் அளவைக் காட்டும் புள்ளி) உள்ள நான்கே பாடங்களுக்கு, அதாவது 48 கிரெடிட்டுக்கு மட்டும், அவனைப் பதிந்திருந்தார்கள். இந்த நாட்டில் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 360 கிரெடிட் வேண்டும், முழுநேர மாணவர் ஆண்டுக்கு 120 முடிப்பார் என்றிருக்க, இந்த வேகத்தில் போனால் பட்டம் வாங்க ஏழரை ஆண்டு ஆகும். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பதே கணக்கு. 120 கிரெடிட்டுக்கு 1,200 மணி நேரம், அதை முப்பது வாரத்துக்குப் பிரித்தால் வாரம் நாற்பது மணி நேரம். அவர் சொன்ன இரண்டு மணி நேரம் எங்கே, இது எங்கே! என்.எஸ்.ஃபாஸும் தனியார் கல்லூரிக்குக் கிடைக்காது.

கேட்கப் போனால், மேலாளர் ஜோகன்னஸ்பர்க் போயிருக்கிறார், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார்கள். ஐந்து வெள்ளிக்கிழமைகள் போனேன். வாட்ஸ்அப்பில் நீல நிறக் குறி விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. கடைசியில், அக்கா என்று அழைத்த அதே வாய், ரசீதின் பின்புறத்தைப் பாருங்கள், சேவைக் கட்டணம் திருப்பித் தரப்படாது என்று போட்டிருக்கிறது என்றது. 18,500 ராண்ட், என் பல ஆண்டு உழைப்பு!

பிள்ளைகளை வைத்திருப்பவர்களே, கட்டணம் எத்தனை பாடத்துக்கு, எத்தனை கிரெடிட்டுக்கு என்று எழுதி வாங்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். நம் குவாசூலு நட்டால் மாகாணத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு சி.ஏ.ஓ. என்ற பொது விண்ணப்ப மையம் வழியாக நீங்களே விண்ணப்பிக்கலாம், இடைத்தரகர் தேவையில்லை. என்.எஸ்.ஃபாஸ் விண்ணப்பத்துக்கும் கட்டணம் கிடையாது. தனியார் கல்லூரி என்றால் உயர்கல்வித் துறையில் பதிவு உள்ளதா என்று முதலில் பாருங்கள்.

திங்கட்கிழமை ரசீதோடு காவல் நிலையம் போகிறேன். இதே போல் அங்கே பணம் கட்டியவர்கள் இருந்தால், ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாமல் எடுத்துக்கொண்டு என்னுடன் வாருங்கள்.