கியூமேக்கிலிருந்து சிமேக்குக்கு: ஒருமுறை மாற்றும் கருவியா, தினமும் ஓடும் ஸ்கிரிப்டா?

மொரிஷஸில், எபேன் நகரில் உள்ள எங்கள் குழு பராமரிக்கும் மென்பொருள் பிரான்சிலுள்ள ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். கியூடி (Qt) என்ற சி++ நிரலாக்கக் கட்டமைப்பின் 5-ஆம் பதிப்புக் காலத்துத் திட்டம் அது, மூல நிரலிலிருந்து மென்பொருளைக் கட்ட உதவும் அதன் பில்ட் கருவியான கியூமேக்கில் (qmake) முழுக்க நிற்பது. கியூடி 6-இலும் கியூமேக் ஓடும். ஆனால் 2020 டிசம்பரில் வந்த அந்தப் பதிப்பிலிருந்து கியூடியே சிமேக் (CMake) என்ற பொதுவான பில்ட் கருவியால்தான் கட்டப்படுகிறது என்பதால், பதிப்போடு பில்ட் அமைப்பையும் மாற்றிவிடத் தீர்மானித்தோம்.

நாலைந்து புரோ கோப்புகள் (கியூமேக்குக்கான திட்ட விவரக் கோப்புகள்) மட்டுமே உள்ள திட்டமென்றால் சிமேக் கோப்புகளைக் கையாலேயே எழுதிவிடுங்கள். அதற்கு அலசலே வேண்டாம். எங்களுடையது கிளைக்குள் கிளையாகப் பிரிவது.

அடுத்த வழி, கியூடி நிறுவனமே தரும் கியூமேக்2சிமேக் என்ற பைத்தான் கருவியை ஒருமுறை ஓட்டிவிட்டு மிச்சத்தைக் கையால் திருத்துவது. மூலக் கோப்புப் பட்டியல், கியூடி தொகுதிகள், விண்டோஸ், யூனிக்ஸ் நிபந்தனைகள் ஆகியவற்றை நன்றாகவே கொண்டுவருகிறது. நாமே சேர்த்த கூடுதல் கம்பைலர் விதிகள், லிங்க் (கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் படி) முடிந்தபின் ஓடும் கட்டளைகள் போன்றவற்றை நாமேதான் எழுத வேண்டும். மாற்றம் முடியும்வரை எல்லோரும் பழைய கோப்புகளைத் தொடாமல் இருக்க முடியுமென்றால் இதுவே போதும்.

எங்களுக்கு அது முடியாது. பிரான்சு எங்களுக்கு இரண்டு மூன்று மணி நேரம் பின்னால் இருக்கிறது. நாங்கள் வீடு திரும்பிய பிறகும் அங்கே வேலை நடக்கும். தைப்பூசத்தன்று இங்கே அரசு விடுமுறை, அங்கே வேலை நாள். நாங்கள் காவடியோடு நடக்கும்போது அங்கே ஒருவர் புரோ கோப்பில் புதிய வரி சேர்ப்பார். அது ஒரு மூலக் கோப்பு என்றால், விட்டுப்போனது லிங்கரில் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். ஒரு மேக்ரோ வரையறை (நிரலின் ஒரு பகுதியைச் சேர்க்கவோ விடவோ சொல்லும் பெயர்) என்றால் நிரல் குறையில்லாமல் கட்டப்பட்டுவிடலாம். அதில் ஒரு வசதி மட்டும் இருக்காது. மாற்ற வேலையில் நான் அஞ்சுவது இதற்குத்தான்.

ஆகவே மூன்றாவது வழியை எடுத்தோம். எங்கள் ஸ்கிரிப்ட் தினமும் காலையில், அங்கே வேலை தொடங்குமுன், புதிய பிரதியில் கியூமேக்2சிமேக்கை ஓட்டி, அதன்மேல் எங்கள் பேட்ச்களை (எந்த வரி எப்படி மாற வேண்டும் என்று மட்டும் சொல்லும் கோப்புகளை) வரிசையாக ஏற்றும். உருவான சிமேக் கோப்பை யாரும் கையால் தொடக் கூடாது, திருத்தமெல்லாம் பேட்ச்சில். கியூடி குழுவினரும் தங்கள் மாற்றத்தின்போது புரோ2சிமேக் என்ற தங்கள் மாற்று ஸ்கிரிப்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். கைத்திருத்தங்கள் அழியாதபடி 'ஸ்பெஷல் கேஸ்' என்ற குறிப்பை அந்த வரிகளில் இட்டார்கள். நாங்கள் குறிப்புக்குப் பதில் பேட்ச்சைத் தேர்ந்ததற்குக் காரணம், அடியிலுள்ள வரி மாறினால் பேட்ச் ஏற மறுக்கும். எங்கே பார்க்க வேண்டும் என்று அதுவே காட்டிவிடும்.

ஸ்கிரிப்டின் கடைசி வேலை, இரண்டு பில்ட்களின் கம்பைல் கட்டளைகளைக் கோப்புவாரியாக ஒப்பிடுவது. சிமேக் அவற்றைத் தானே எழுதித் தரும். கியூமேக் பக்கத்துக்கு 'பேர்' என்ற கருவி பதிவு செய்து தரும். எங்கள் லினக்ஸ் பில்டில் முதலில் தெரிந்த வித்தியாசம்: ஜிசிசி (GCC) கம்பைலரில் சிமேக்கின் ரிலீஸ் வகை ஓ3 (-O3) என்ற வேகப்படுத்தும் அளவையும் என்டிபக் (NDEBUG) என்ற மேக்ரோவையும் சேர்க்கிறது, கியூமேக் ஓ2-உடன் நிற்கிறது, என்டிபக்-ஐச் சேர்ப்பதில்லை. அதாவது சிமேக் பில்டில், நிரல் ஓடும்போது தன்னையே சரிபார்க்கும் சி மொழியின் அசர்ட் சோதனைகள் எல்லாம் சத்தமில்லாமல் மறைந்துவிடும். அவை வேண்டுமா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும், கருவி அல்ல. இப்போதைக்குப் பழைய நடத்தையையே ஒரு பேட்ச்சில் காப்பாற்றியிருக்கிறோம்.

இந்த வழிக்கும் செலவு உண்டு. கடைசியில் தூக்கிப்போடப்போகும் ஸ்கிரிப்டுக்காக உழைக்கிறோம். விண்டோஸ் பில்டைப் பிரான்சுக் குழுவே பார்த்துக்கொள்வதால், நான் சொல்வது லினக்ஸ் அனுபவம் மட்டுமே. ஆள் குறைந்த, ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் குழுவுக்கு ஒருமுறை மாற்றுவதே லாபமாகவும் இருக்கலாம்.

ஒப்பீட்டில் விளக்கமில்லாத வேறுபாடு ஒன்றுகூட இல்லாத நாளில் புரோ கோப்புகளையும் ஸ்கிரிப்டையும் ஒரே கமிட்டில் (ஒரே பதிவில்) நீக்குவதாக இரு குழுக்களும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பிறகு இரண்டு பில்ட் அமைப்புகளைச் சேர்த்துப் பராமரிக்க யாருக்கும் அனுமதியில்லை.