பேட்டன் வழியா, ஸ்லிம் வழியா?

புதிதாக ஒரு படைப்பிரிவைப் பொறுப்பேற்பவர்களுக்கு வரும் குழப்பம்தான்: முதலில் கண்டிப்புக் காட்டுவதா, இல்லை கூடவே நின்று கஷ்டப்படுவதா? இரண்டாம் உலகப் போரின் இரண்டு தளபதிகளை, அமெரிக்காவின் பேட்டனையும் பிரிட்டனின் ஸ்லிம்மையும், வைத்துப் பார்க்கலாம்.

வேகம்
பேட்டன்: உடனடி. 1943 மார்ச்சில், துனிசியாவின் காசரீன் கணவாயில் ஜெர்மானியரிடம் தோற்றுத் துவண்டிருந்த அமெரிக்கப் படையை ஏற்றதும் ஹெல்மெட், டை இல்லாதவருக்கெல்லாம் அபராதம் போட்டு நிமிர்த்தினார்.
ஸ்லிம்: மெதுவாக. 1942ல் ஜப்பானியரிடம் தோற்று பர்மாவிலிருந்து பின்வாங்கியவர்கள் பெரிதாகத் திருப்பி அடிக்க இரண்டு வருடம் ஆனது.

விலை
பேட்டன்: அதே வருடம் ஆகஸ்டில் சிசிலியில், மனம் உடைந்து மருத்துவமனையில் இருந்த இரண்டு சிப்பாய்களை அறைந்து, மேலதிகாரி ஐசனோவர் உத்தரவில் மன்னிப்புக் கேட்டார்.
ஸ்லிம்: சொந்த வசதி. முன்னணியில் ரேஷன் பாதியானால் தலைமையகத்துக்கும் பாதிதான்.

அதற்காக ஸ்லிம்மை இளகிய ஆள் என்று நினைக்க வேண்டாம். மலேரியா மாத்திரையை விழுங்கினார்களா என்று முழுப் பிரிவையும் திடீரெனச் சோதிப்பார். 95 சதவீதத்துக்குக் குறைந்தால் கமாண்டரின் பதவி போகும், மூன்று பேருக்குப் போன பிறகுதான் மற்றவர்களுக்குப் புரிந்தது. அடி சிப்பாய்க்கு இல்லை, அதிகாரிக்கு. எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

சிதறிய படையைச் சில வாரங்களில் சண்டைக்கு நிறுத்த வேண்டுமா, பேட்டன். வருடக்கணக்கில் காட்டிலும் நோயிலும் ஓட்ட வேண்டுமா, யோசிக்காமல் ஸ்லிம்.