கழுத்துத் தமனி அடைப்பு: உரித்தெடுப்பதா, ஸ்டென்ட் வைப்பதா?

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. கொழுப்புப் படிவு சேர்வது பெரும்பாலும் அந்தக் கவட்டில்தான். அதிலிருந்து பெயரும் துகள் மூளைக்குப் போய் அடைத்தால் ஸ்ட்ரோக். கழுத்தைத் திறந்து படிவை உரித்தெடுப்பது எண்டார்ட்ரெக்டமி. தொடை வழியாக வயரை ஏற்றி, தமனியைத் திறந்தே வைக்கும் வலைக் குழாயான ஸ்டென்டை விரிப்பது இன்னொரு வழி. ‘கத்தியில்லாத சிகிச்சை’ என்ற ஒரே காரணத்துக்காகப் பலரும் இரண்டாவதைக் கேட்கிறார்கள். அது மட்டும் போதாது.

முதலில் பார்க்க வேண்டியது, அடைப்பு ஏற்கெனவே வேலையைக் காட்டிவிட்டதா என்பது. கடந்த ஆறு மாதத்துக்குள் ஒரு பக்கக் கைகால் செயலிழந்ததா, பேச்சு குழறியதா, ஒரு கண்ணில் திரை விழுந்து விலகியதா? சில நிமிடத்தில் சரியாகியிருந்தாலும் கணக்கில் சேரும். வெறும் தலைசுற்றல் சேராது. 1991இல் வந்த நாஸ்கெட் ஆய்வில், அறிகுறியோடு 70 முதல் 99 சதவீத அடைப்பு இருந்தவர்களில், மருந்து மட்டும் எடுத்தோருக்கு இரண்டு ஆண்டில் அதே பக்க ஸ்ட்ரோக் 26 சதவீதம். அறுவை செய்தோருக்கு 9 சதவீதம். 50–69 சதவீத அடைப்பில் லாபம் சுமார்தான், அதற்குக் கீழே இல்லை. முழுதாக அடைத்துவிட்ட தமனியைப் பொதுவாகத் திறப்பதே இல்லை. அதிலிருந்து துகள் மேலே போக வழியில்லை.

எண்டார்ட்ரெக்டமியில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்து, மூளைக்குப் போகும் உள் கிளையை முதலில் கிளாம்ப் (இடுக்கி) போட்டு மூடுவார்கள். மற்றவற்றைப் பிடிக்கும்போது துகள் பெயர்ந்தாலும் மேலே போகாது. மூளைக்கு ரத்தம் போதாவிட்டால், அறுவை நடக்கும்போதே ரத்தத்தைக் கடத்திவிடும் ஷன்ட் குழாய். படிவை உரித்த பின் வெறும் தையலைவிடப் பேட்ச் (ஒட்டுத் துண்டு) வைத்து மூடுவது நல்லது. மறுபடி சுருங்குவது குறைகிறது. கிளாம்ப்பை விடும்போது உள் கிளை கடைசி: மிஞ்சிய காற்றும் துணுக்கும் முகத்துக்குப் போகும் வெளிக் கிளையில் வெளியேறட்டும் என்று. இங்கே வரும் தொல்லைகள் நாக்கு, குரல், உதட்டோர நரம்புகளில் அடி (பெரும்பாலும் சில மாதத்தில் சரியாகும்), மாரடைப்பு, கழுத்தில் ரத்தம் கட்டுவது. வீக்கம் மூச்சுக்குழாயை நெருக்கினால் கட்டிலிலேயே தையலைப் பிரிக்க வேண்டிவரும்.

ஸ்டென்டில் ஆபத்து கழுத்தில் மட்டுமில்லை. வயரும் குழாயும் முதலில் மகாதமனி வளைவைத் தாண்ட வேண்டும். வயதானவர்களுக்கு அந்த வளைவு நீண்டு, முறுக்கி, சுண்ணாம்பு படிந்திருக்கும். அதை உரசும்போதே துகள் கிளம்பிவிடும். துகளைப் பிடிக்கும் வடிகட்டிக் குடை அதன் பிறகுதான் விரிகிறது. இரண்டு வழிகளையும் ஒப்பிட்டு 2010இல் வெளியான கிரெஸ்ட் ஆய்வில் சிகிச்சையை ஒட்டிய ஸ்ட்ரோக் ஸ்டென்டில் 4.1, அறுவையில் 2.3 சதவீதம், மாரடைப்பு 1.1க்கு 2.3 என்று தலைகீழ். ஏறக்குறைய 70 வயதுக்கு மேல் அறுவைக்கே சாதகம். அடைப்பை விரிக்கும் பலூன் விரியும்போது நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும். துடிப்பை ஏற்றும் அட்ரோபின் மருந்து தயாராக இருக்கும். பிறகு குறைந்தது நான்கு வாரம், ரத்தம் உறைவதைத் தடுக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சேர்த்து. பல் பிடுங்க வேண்டும் என்று யாரையும் கேட்காமல் அதை நிறுத்தினால் ஸ்டென்டில் ரத்தம் உறையும்.

கழுத்தில் முன்பு கதிர்வீச்சோ அறுவையோ நடந்திருந்தாலும், அடைப்பு தாடைக்கு மிக மேலே இருந்தாலும் ஸ்டென்ட் மேல். சுண்ணாம்பு தமனியைச் சுற்றி வளையமாகப் படிந்திருந்தால் அறுவை.

அறிகுறி இல்லாதவர்களுக்குக் கணக்கே வேறு. 2025இல் வந்த கிரெஸ்ட்-2, 70 சதவீதமும் அதற்கு மேலும் அடைப்புள்ளவர்களிடம் தீவிர மருந்து சிகிச்சையை உரைத்துப் பார்த்தது. மருந்தோடு ஸ்டென்ட் சேர்த்தபோது நான்காண்டு பாதிப்பு (சிகிச்சையை ஒட்டிய ஸ்ட்ரோக் அல்லது மரணம், பிறகு அதே பக்க ஸ்ட்ரோக்) 6.0இலிருந்து 2.8 சதவீதமானது. அறுவை சேர்த்தபோது 5.3க்கு 3.7, புள்ளியியல்படி உறுதியான வித்தியாசமில்லை. இரண்டும் தனித்தனி ஆய்வுகள் என்பதால், இதை வைத்து ஸ்டென்ட் அறுவையை வென்றது என்று சொல்லக்கூடாது.

அறிகுறி வந்தவர் எதைத் தேர்ந்தாலும் இரண்டு வாரத்துக்குள் முடிப்பதில்தான் முழுப் பலன். மருத்துவமனையில் கேட்க வேண்டியது, அங்கே 30 நாளுக்குள் ஸ்ட்ரோக் அல்லது மரணம் எத்தனை சதவீதம் என்பதை. அறிகுறி உள்ளவர்களில் 6, இல்லாதவர்களில் 3 சதவீதத்தைத் தாண்டினால் வேறிடம் பார்க்கலாம். வீடு திரும்பிய பின் முதல் சில வாரம் ரத்த அழுத்தத்தைத் தினமும் பார்க்க வேண்டும். சிகிச்சை நடந்த பக்கம் கடும் தலைவலியோ வலிப்போ வந்தால் மாத்திரை போட்டுப் படுக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்; திடீரென்று பெருகிய ரத்த ஓட்டம் மூளைக்குள் கசிவை உண்டாக்கலாம்.