ஓவனா, இரும்பு வாணலியா, தணலா: மேல்மலைத் தோட்டக் காய்களுக்கு எது தோது?

ஆவணி பிறந்துவிட்டால் கொடைக்கானல் மேல்மலையில் தோட்டம் வைத்திருக்கிற வீடுகளில் காய் குவிந்துவிடும். சித்திரை, வைகாசியில் ஊன்றிய உருளைக்கிழங்கைத் தோண்டியாக வேண்டும். காரட்டை இன்னும் மண்ணில் விட்டுவைத்தால் நடுத்தண்டு முற்றிக் கட்டையாகிவிடும். பீட்ரூட், நூல்கோல், காலிஃபிளவர், வேலியில் படர்ந்த சௌசௌ என எல்லாம் ஒரே சமயத்தில் பறிப்புக்கு வந்து நிற்கும். மூட்டைகள் வத்தலக்குண்டுக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் லாரி ஏறிய பிறகு, கோணலும் மாணலுமாக வீட்டுக்கென்று ஒதுங்குகிற காய் இருக்கிறதே, அதை எண்ணெயும் உப்பும் பிசறிச் சுட்டுச் சாப்பிடுவதுதான் அதற்குச் செய்கிற மரியாதை என்பது என் கட்சி.

எதில் சுடுவது என்பதில்தான் வீட்டுக்கு வீடு வழக்கு. ஓவன் வாங்கியவர் ஓவனை விட்டுக்கொடுப்பதில்லை. விறகடுப்பு வைத்திருக்கிற பெரியவர்கள் தணலைத் தவிர வேறெதையும் ஒப்புக்கொள்வதில்லை. இருக்கிற அடுப்பில் ஓர் இரும்பு வாணலி போதும் என்பவர்களும் உண்டு. நான் இந்த மூன்றாவது கூட்டத்தைச் சேர்ந்தவள். ஆனால் எல்லாக் காய்க்கும் அதுவே சரி என்று சொல்ல மாட்டேன்.

முதலில் மலையைப் பற்றி ஒரு வார்த்தை. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். மதுரையில் திறந்த பாத்திரத்தில் வெந்துவிடுகிற பீட்ரூட் இங்கே பொழுதைத் தின்றுவிடுகிறது. அதனால்தான் மலை வீடுகளில் எதற்கெடுத்தாலும் குக்கர். காய் வேகிறது, ஆனால் அதன் இனிப்பில் பாதி தண்ணீரோடு போய்விடுகிறது. சுடும்போது அப்படியில்லை. மேற்பரப்பில் ஈரம் வற்றியதும் அங்கே சூடு 140, 150 டிகிரியைத் தாண்டுகிறது. சிவந்த ஓரமும் அந்த மணமும் பிறப்பது அதற்குப் பிறகுதான். உயரம் இதைத் தடுப்பதில்லை. ஆனால் காயின் உட்புறம் ஈரமாக இருக்கும்வரை உள்சூடு கொதிநிலையைத் தாண்டாது. ஆகவே வெளியே சிவந்த பிறகும் உள்ளே நறுக்கென்று நிற்கிற காரட் இங்கே சகஜம். சமவெளியில் எழுதிய செய்முறையில் 30 நிமிடம் என்றிருந்தால் 40 என்று வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது துண்டைச் சின்னதாக்க வேண்டும். நான் மூன்றையும் எடைபோடுவது இதை வைத்துத்தான்: ஈரத்தை வெளியேற்றுகிறதா, உள்ளே வேகும்வரை மேலே கருகாமல் காக்கிறதா?

இரும்பு வாணலிக்கு உருளைக்கிழங்கைவிடப் பொருத்தமான காய் கிடையாது. புதிதாகத் தோண்டிய கிழங்கின் தோல் கட்டைவிரலால் தேய்த்தாலே உரிந்துவிடும், சீவத் தேவையில்லை. ஒரு விரற்கடைத் துண்டுகளாக நறுக்கி, மாவுத்தண்ணீர் போக அலசி, பழைய பருத்தித் துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். இந்தத் துடைப்பில் சோம்பல்பட்டால் பிறகு என்ன செய்தும் பயனில்லை. வாணலி நன்றாகக் காய்ந்ததும் இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் விட்டு, துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்பி, தீயைக் குறைத்து எட்டு நிமிடம் மூடிவைக்க வேண்டும். கிழங்கு தன் சொந்த ஆவியில் உள்ளே வெந்துகொள்ளும். மூடியைத் தூக்கும்போது சாய்க்காமல் நேராக எடுத்து நகர்த்த வேண்டும். உள்பக்கம் கோத்திருக்கிற நீர் மறுபடி எண்ணெயில் சொட்டினால் மொறுமொறுப்பு அங்கேயே போய்விடும். அதன் பிறகு மூடி வேண்டாம், மிதமான தீ போதும்.

இங்கேதான் பெரும்பாலோர் பொறுமை இழக்கிறார்கள். பூம்பாறையில் இருக்கும் என் பெரியம்மா, “கிழங்கைச் சீண்டாதே, அதுவே விட்டுக்கொடுக்கும்” என்பார். உண்மைதான். அடிப்பக்கம் சிவக்காதவரை துண்டு இரும்பைப் பற்றிக்கொண்டிருக்கும். சிவந்து முடிந்ததும் கரண்டி பட்டவுடன் தானாக நழுவும். ஒட்டுகிறது என்றால் இன்னும் ஆகவில்லை என்று பொருள். சுரண்டித் திருப்புகிறவர்களுக்குக் கிடைப்பது சிவந்த தோலெல்லாம் வாணலியில் தங்கிவிட்ட வெள்ளைக் கிழங்கு. நழுவியதைத் திருப்பி, அடுத்த பக்கத்துக்கும் அதே அவகாசம் கொடுத்தால், மொத்தம் அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். உப்பைக் கடைசி ஐந்து நிமிடத்தில் போடுவது நல்லது. முன்னாலேயே போட்டால் நீர்விட்டுக்கொள்ளும்.

வாணலியின் குறை இடம்தான். ஒரு நடுத்தர வாணலியில் இரண்டு மூன்று பேருக்கு மேல் ஒரே அடுக்காகப் பரப்ப முடியாது. நெருக்கி அடைத்தால் அது வறுவலாகாது, ஆவியில் வெந்த பொரியலாகிவிடும். சௌசௌ, பூசணி மாதிரி நீர்க்காய்களை அதில் போட்டால் கரண்டியும் கையுமாக நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். புளிப்பு எதையும் இரும்பில் சூடேற்றவும் கூடாது. நிறம் கறுத்து, நாக்கில் இரும்பு வாடை தட்டும். இருக்கிற நான்ஸ்டிக் சட்டியில் செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அந்தப் பூச்சு இவ்வளவு வெறுஞ்சூட்டுக்கு ஆனது இல்லை.

ஓவனின் பெருமை அதன் தட்டு. ஒரு கிலோ காயை அகலமாகப் பரப்பிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம். காலிஃபிளவரும் சௌசௌவும் அங்கேதான் பிழைக்கின்றன: நாலாபுறமும் சூழ்ந்த உலர்சூட்டில் நீர் வற்றி, இனிப்பு ஓரங்களில் வந்து தங்குகிறது. 220 டிகிரி வைத்து, கால் மணி நேரம் முன்சூடு ஏற்றி, வெறும் தட்டையும் உள்ளேயே காயவிட்டு, அதன் பிறகு காயைக் கொட்ட வேண்டும். கொட்டும்போது சொர்ரென்று சத்தம் கேட்க வேண்டும். பாதியில் ஒருமுறை கதவைத் திறந்து ஆவியை வெளியே விட்டு, தட்டை முன்பின்னாகத் திருப்பி வைப்பதும் அவசியம். வீட்டு ஓவன்களில் பெரும்பாலும் ஒரு மூலை மற்ற மூலையைவிடச் சூடு கூடுதல்.

செலவு பலர் பயப்படுகிற அளவுக்கு இல்லை. 1,500 வாட் ஓவன் முழுதாக ஒரு மணி நேரம் எரிந்தால் ஒன்றரை யூனிட். தெர்மோஸ்டாட் இடையிடையே அணைத்துக்கொள்வதால் நடப்பில் அதைவிடக் குறையும். நமக்குச் சிக்கல் மின்சாரத்தின் தரம். மழையும் காற்றுமான நாளில் மரம் கம்பியில் சாய்ந்தால் மின்சாரம் எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. இருக்கும்போதும் அழுத்தம் குறைவாக வந்தால் ஓவன் ஏமாற்றும். 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வந்தால், சூடேற்றும் கம்பி தருகிற வெப்பம் பத்தில் ஆறு பங்காகச் சுருங்கிவிடும். விளக்கு எரிகிறது, மணி ஓடுகிறது, காய் மட்டும் வியர்த்துக்கொண்டே கிடக்கும். மாலை ஆறு மணிக்கு மேல், ஊரெல்லாம் ஹீட்டர் போடுகிற நேரத்தில், ஓவனை நம்பி விருந்துக்கு அழைக்காதீர்கள். மதியமே சுட்டு வைத்துக்கொண்டு, பரிமாறும் முன் வாணலியில் ஒரு பிரட்டு பிரட்டிக்கொள்ளலாம்.

ஏர் ஃபிரையரும் அதே ஜாதிதான். கூடை சிறியது, காற்று வேகமானது. இரண்டு பேர் வீட்டுக்குக் காலிஃபிளவர் சுட நல்ல சாதனம். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தணலை ஓவனோடு ஒப்பிடுவதே ஒருவகையில் நியாயமில்லை. காய் தோலோடு முழுதாகப் போகிற ஒரே இடம் அது. பீட்ரூட்டைப் பிடுங்கி, தண்டில் ஒரு விரற்கடையும் வேர் நுனியும் விட்டுவைத்து (வெட்டினால் சாறு வழிந்துவிடும்), மண்ணை மட்டும் தட்டி, சாம்பல் பூத்த கங்குக்குள் புதைத்துவிட வேண்டும். தீ நாக்கு எதுவும் மேலே இருக்கக் கூடாது. ஒரு மணி நேரம், பெரிய கிழங்கென்றால் இன்னும் கால் மணி. கம்பியால் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். எடுத்துத் தட்டினால் கரிந்த தோல் ஓடாகக் கழன்று விழும்; உள்ளே கறுஞ்சிவப்பில் பளபளவென்று கிழங்கு. பச்சையாக நறுக்கினால் வருகிற அந்த மண்வாடை அடங்கி, இனிப்பும் லேசான புகையும் மட்டும் மிஞ்சியிருக்கும். ஓவனில் எவ்வளவு நேரம் வைத்தாலும் இந்தப் புகை வராது.

பூண்டுக்கும் தணல்தான். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மலைப்பூண்டை முழுத் தலையாகத் தணலின் ஓரத்தில், நடுவே அல்ல, கால் மணி நேரம் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தால் போதும். ஆறியதும் வேர்ப்பக்கத்தை அழுத்தினால் பல் வெண்ணெயாகப் பிதுங்கி வரும். கார்ப்பெல்லாம் போய் இனிப்பு நிற்கும்.

ஆனால் இதற்கென்றே விறகு மூட்டுவது வீண். வெந்நீருக்கோ குளிருக்கோ எப்படியும் தீ மூட்டுகிற வீட்டில், அடங்குகிற தணலைப் பயன்படுத்திக்கொள்வதுதான் முறை. கவாத்து செய்து காயவைத்த பேரி, பிளம்ஸ் கிளைகள் நல்ல தணல் தரும். பைன் வேண்டாம், அதன் பிசின் எரிந்து காயெல்லாம் கரிப்புகை படியும். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: தணல் வாசலுக்கு வெளியே இருக்கட்டும். குளிருக்கு இதமாக இருக்கிறதென்று கரியடுப்பை மூடிய அறைக்குள் எடுத்துப் போய்த் தூங்கி, கார்பன் மோனாக்சைடால் உயிரிழந்தவர்கள் இந்த மலைகளில் உண்டு. அந்த வாயுவுக்கு வாடை கிடையாது. சுற்றுலா வருகிறவர்களுக்கு அறை கொடுப்பவர்கள் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஆகவே என் கணக்கு இப்படி. அன்றாடத்துக்கு, மூன்று பேர் வரையிலான வீட்டுக்கு, உருளைக்கும் காரட்டுக்கும் நூல்கோலுக்கும் இரும்பு வாணலி. மின்சாரம் போனாலும் அது கைவிடாது, வாங்கினால் பேரப்பிள்ளை வரை வரும். நீர்க்காய்க்கும் பெரிய கூட்டத்துக்கும் ஓவன். முழு பீட்ரூட்டுக்கும் பூண்டுக்கும் தணல். ஒன்றே ஒன்றுதான் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் தயங்காமல் வாணலியைத்தான் எடுப்பேன்.

கலந்து சுட ஆசைப்படுகிறவர்கள் எல்லாக் காயையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். காரட்டும் பீட்ரூட்டும் முதலில், பத்து நிமிடம் கழித்து உருளை, கடைசியில் காலிஃபிளவர். பீட்ரூட்டைத் தனி மூலையில் வைத்தால் மற்றவை சிவப்பேறாமல் இருக்கும். உருளைக்கிழங்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். குளிரில் அதன் மாவு சர்க்கரையாக மாறி, உள்ளே வேகும் முன்பே மேலே கருகிக் கசக்கும். இருட்டான, காற்றோட்டமான மூலையில் சாக்கு விரித்துப் போட்டுவைத்தாலே போதும்.

மசாலா அதிகம் வேண்டாம். இறக்கிய பிறகு தாண்டிக்குடிப் பக்கத்து மிளகைக் கொரகொரப்பாக இடித்துத் தூவி, சுட்ட பூண்டை நசுக்கிப் பிசறி, எலுமிச்சை பிழிந்தால் சோற்றுக்கும் சப்பாத்திக்கும் ஆகும். மிஞ்சினால் மறுநாள் காலையில், எலுமிச்சை சேர்ந்திருப்பதால் இரும்பில் அல்லாமல் வேறு சட்டியில் சூடேற்றி, தோசைக்கு நடுவில் வைத்து மடித்துக்கொடுங்கள்; பிள்ளைகள் பீட்ரூட் இருப்பதைப் பார்த்துவிட்டும் சாப்பிடுவார்கள்.