கடனில்லாத பி.ஏ.வும் கடன் வாங்கிய பி.ஏ.வும்

"அக்கா, உன் ஃபிரெண்டு உன்னைவிட மூணு மடங்கு சம்பாதிக்கிறாங்கதானே? அப்புறம் எதுக்கு என்னை கவர்மென்ட் காலேஜுக்குப் போகச் சொல்ற?"

பிளஸ் டூ முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் சித்தி மகள் போன வாரம் இப்படிக் கேட்டாள். அரசியல் அறிவியல்தான் படிக்கப்போகிறாள், அதில் அவளுக்குக் குழப்பமில்லை. பக்கத்து ஊர் அரசுக் கலைக் கல்லூரியா, கடன் வாங்கி வடக்கே ஒரு தனியார் பல்கலைக்கழகமா என்பதுதான் வீட்டில் பேச்சு.

இந்த இரண்டு வழியையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். 2014இல் நானும் என் தோழியும் ஒரே வகுப்பில் பிளஸ் டூ முடித்தோம். நான் அரசுக் கல்லூரி, அவள் வடக்கே. இருவருமே பி.ஏ. அரசியல் அறிவியல். எனக்கு டியூஷன் ஃபீஸ் கிடையாது, பஸ் பாஸ் இலவசம். தேர்வுக் கட்டணம், ஜெராக்ஸ், கைடு எல்லாம் சேர்த்தும் மூன்று வருடத்தில் பத்தாயிரத்தைத் தாண்டியிருக்காது. அவள் வாங்கிய கடன் 12 லட்சம். ஏழரை லட்சத்துக்கு மேல் போனதால் வங்கி அடமானம் கேட்டது. அவள் அப்பா வீட்டுப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார்.

படிப்பின் தரத்தில் அவள் பக்கம்தான் ஜெயம். சுற்றி வளைத்துப் பேச ஒன்றுமில்லை. அவளுக்கு வகுப்பில் விவாதம் நடந்தது, கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப் கிடைத்தது, ஆங்கிலம் சரளமானது. எங்கள் துறையில் பாதிப் பேர் கௌரவ விரிவுரையாளர்கள். நல்லவர்கள்தான், ஆனால் பருவத்துக்குப் பருவம் ஆள் மாறும். எம்.ஏ. வைவாவில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தபோது தொண்டை அடைத்துக்கொண்டு நின்றேன். அந்த நிமிடம் இன்னும் மறக்கவில்லை.

சம்பளத்திலும் அவள்தான் மேலே. இப்போது பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மாதம் தொண்ணூறாயிரம் வாங்குகிறாள். நான் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அடிப்படைச் சம்பளம் 19,500இல் சேர்ந்தேன், இப்போது பிடித்தம் போக முப்பதாயிரம் வாக்கில் கைக்கு வருகிறது. தங்கை சொன்ன மூன்று மடங்குக் கணக்கு சரிதான்.

ஆனால் அவள் பார்த்தது இன்றைய சம்பளத்தை மட்டும். எனக்கு உறுத்துவது நடுவில் போன வருடங்கள்.

பொறியியல் படித்தவனுக்கு நான்காம் வருடமே கேம்பஸில் வேலை கிடைத்துவிடலாம். அரசியல் அறிவியலில் நல்ல வருமானம் வரும் வழி எல்லாமே தாமதமான வழி. யுபிஎஸ்சி என்றால் மூன்று நான்கு முயற்சி. வழக்கறிஞர் என்றால் மேலும் மூன்று வருடம் சட்டம், அதற்குப் பிறகு ஒரு சீனியரிடம் சில வருடம். பேராசிரியர் என்றால் எம்.ஏ., நெட் என்ற தகுதித் தேர்வு, பிஎச்.டி. கடனோ இதற்கெல்லாம் காத்திருக்காது. படிப்பு முடிந்து ஒரு வருடம் தவணை விடுமுறை, அவ்வளவுதான். பதின்மூன்றாவது மாதம் வங்கியிலிருந்து மெசேஜ் வந்துவிடும்.

தோழியின் கணக்கையே சொல்கிறேன். வருடத்துக்கு 4 லட்சமாக மூன்று வருடம் வாங்கினாள், வட்டி 12 சதவீதம். படிக்கும் காலத்திலும் வட்டி ஏறும். தனி வட்டிதான் என்றாலும் முதல் 4 லட்சத்துக்கு நான்கு வருட வட்டி, அடுத்ததற்கு மூன்று, கடைசியதற்கு இரண்டு. மொத்தம் 4.32 லட்சம். ஆக, முதல் தவணை கட்டுவதற்கு முன்பே 12 லட்சம் 16.32 லட்சமாகிவிட்டது. 15 வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 19,587 ரூபாய். கடைசிவரை கட்டினால் 35 லட்சத்துக்கு மேல்.

அந்த 19,587ஐ இந்தப் படிப்பின் ஆரம்ப வருமானங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜூனியர் வழக்கறிஞர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. எல்லா சீனியரும் கொடுக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். சென்னையில் இருந்தால் தவணை போக 413 ரூபாய் மிஞ்சும், சொந்த ஊரில் இருந்தால் கையைக் கடிக்கும். கௌரவ விரிவுரையாளருக்கு 25,000. ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 37,000, ஆனால் அது நெட் எழுதுகிற எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

தோழிக்கு முதல் வேலை டெல்லியில், ஒரு ஆய்வு நிறுவனத்தில். சம்பளம் 28,000. தவணை போக மீதி எட்டாயிரத்துச் சொச்சம், பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) வாடகை ஒன்பதாயிரம். சாப்பாட்டுக்கு அப்பா பணம் அனுப்பினார். 2020இல் ரிசர்வ் வங்கி ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்றபோது நிம்மதியாகத் தள்ளிவைத்தாள். அந்த ஆறு மாதத்துக்கும் வட்டி ஓடியது அப்புறம்தான் உறைத்தது. பிறகு ஒரு தேர்தல் ஆலோசனை நிறுவனத்தில் ஒப்பந்த வேலை. 2021 மே மாதம் ஓட்டு எண்ணி முடித்தார்கள், ஒப்பந்தமும் முடிந்தது. அடுத்த மாதமே மென்பொருள் பக்கம் போய்விட்டாள். அங்கே அவள் பார்க்கும் வேலைக்கும் படித்த அரசியல் அறிவியலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

தோழிக்கு ஐ.எஃப்.எஸ். (வெளியுறவுப் பணி) ஆசை பத்தாம் வகுப்பிலிருந்தே உண்டு. யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம். எழுத்துத் தேர்வின் 1,750 மதிப்பெண்ணில் 500 அதற்கு. என்னைவிட அவள் அதற்குப் பலமடங்கு தயாராக இருந்தாள். ஒரு முறைகூட எழுதவில்லை. வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் படிக்கலாம் என்றால், மாதா மாதம் ஐந்தாம் தேதி வீட்டுப் பத்திரம் ஞாபகத்துக்கு வரும். கடன் முடிவது 2033இல், அவளுக்கு அப்போது 37 வயது. யுபிஎஸ்சியில் ஓ.பி.சி. பிரிவுக்கே உச்ச வயது 35தான்.

நான் என்ன செய்தேன்? 2019இல் எம்.ஏ. முடித்து நான்கு வருடம் சும்மா இருந்தேன் என்றுதான் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். காலையில் நூலகம், சாயங்காலம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன், மாதம் ஆறாயிரம். அப்பா முகம் சுளித்தார், அம்மா சோறு போட்டார். யாருக்கும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பதால் அது ஓடியது. 2022 ஜூலை 24 அன்று குரூப் 4 எழுதினேன், அடுத்த மார்ச்சில் முடிவு வந்தது. கடன் இருந்திருந்தால் நான் 2020இலேயே ஏதாவது ஒரு கால் சென்டரில் இருந்திருப்பேன். ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பே போதும். எம்.ஏ. படித்துவிட்டு இங்கே வந்தது எனக்கு முழுத் திருப்தி இல்லை. குரூப் 2 இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சரி, கடனே கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். பாதிக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே உதவித்தொகையாகத் தந்து, கடன் நான்கு ஐந்து லட்சத்துக்குள் அடங்கினால் நானே போகச் சொல்லுவேன். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் அடமானம் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம்வரையான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. ஆனால் அரசு பட்டியலிட்ட கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான். முழு வட்டி மானியம் தொழில்நுட்ப, தொழில்சார் படிப்புகளுக்குத்தான், பி.ஏ.வுக்கு இல்லை. தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து உதவித்தொகையில் வெளிநாடு போய் நன்றாக இருப்பவர்களும் உண்டு. தோழியின் வகுப்பில் அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். ஒருவரை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

தங்கையிடம் இதையெல்லாம் சொல்லி, 19,587ஐ அவள் நோட்டில் எழுதியும் காட்டினேன். இங்கே படித்தால் புதுமைப் பெண் திட்டத்தில் அவளுக்கு மாதம் 1,000 ரூபாய் வரும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால்தான் அது. நான் படித்தபோது அந்தத் திட்டமே இல்லை.

"யோசிக்கிறேன் அக்கா" என்றாள். அரசுக் கல்லூரி விண்ணப்பத்துக்கு 50 ரூபாயை என் ஜிபேயிலிருந்துதான் கட்டினாள். பல்கலைக்கழகத்தின் பக்கமும் அவள் போனில் இன்னும் திறந்தே இருக்கிறது.