வெளிவராத டிவிடி தட்டு: கட்டளையா, கம்பியா?

லினக்ஸில் பொத்தானை அழுத்தியும் டிவிடி தட்டு வெளிவராவிட்டால், பெரும்பாலும் டிரைவ் பழுதாகியிருக்காது. வட்டு மவுண்ட் செய்யப்பட்டிருக்கும் வரை, அதாவது அதன் கோப்புகளைப் படிக்க ஒரு கோப்புறையாக இணைக்கப்பட்டிருக்கும் வரை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே கதவைப் பூட்டி வைக்கிறது. ஆகவே 'இஜெக்ட்' கட்டளையே முதல் வழி: அது வட்டை அன்மவுண்ட் செய்து (இணைப்பை நீக்கி), பூட்டை விடுவித்து, தட்டை வெளியே தள்ளுகிறது. வட்டு பயன்பாட்டில் இருப்பதாகக் கூறி மறுத்தால், எந்த நிரல் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதை 'எஃப்யூசர்' என்ற கட்டளை காட்டிவிடும். பல நேரங்களில் வட்டின் கோப்புறைக்குள் நாமே திறந்து மறந்த டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) தான் குற்றவாளி.

முன்புறச் சிறுதுளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பைச் செலுத்தும் வழிக்கு மின்சாரமும் தேவையில்லை. ஆனால் சுழலும் வட்டு கீறல்படக்கூடும் என்பதால், கணினியை அணைத்த பிறகே அதைச் செய்ய வேண்டும். கட்டளை பிழையின்றி முடிந்தும் தட்டு அசையாமல், உள்ளே மோட்டார் முனகும் ஒலி மட்டும் கேட்டால் தயங்காமல் அந்தக் கிளிப் கம்பியை எடுக்கலாம். அப்போது பெரும்பாலும் தட்டை நகர்த்தும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும்.