கட்டுரையை ஏஐ எழுதலாமா, ஆளைக் கேட்டு நாமே எழுதலாமா?

தேனி மாவட்டம் கம்பம் ஊரில் ஏலக்காய் பொட்டலம் போட்டு இணையத்தில் விற்கிறோம். கடைத் தளத்தில் அடிக்கடி புதுக் கட்டுரை வந்தால்தான் வாங்குகிறவர்கள் திரும்ப எட்டிப் பார்க்கிறார்கள். அதற்கு இரண்டு வழியையும் பார்த்தாகிவிட்டது. தலைப்பை மட்டும் கொடுத்து முழுக் கட்டுரையையும் ஏஐ கருவியிடம் வாங்குவது ஒன்று. விஷயம் தெரிந்தவரைப் பேசவைத்து, கைபேசியில் ஒலிப்பதிவு செய்து, அதை நாமே எழுதிவிட்டு, எழுத்துப்பிழை திருத்துவது மாதிரி சின்னச் சின்ன வேலைக்கு மட்டும் ஏஐயைக் கூப்பிடுவது இன்னொன்று. இப்போது நான் இரண்டாவது வழியில்தான் இருக்கிறேன்.

வேகம் என்று பார்த்தால் போட்டியே இல்லை. கருவி ஒரு நிமிடத்தில் பக்கத்தை நிரப்பிவிடும். மற்றதற்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போய்விடும். செலவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. தமிழுக்கு ஆங்கிலத்தைவிட டோக்கன் (கருவி எழுத்தை வெட்டி எண்ணும் துண்டு) அதிகம் பிடிப்பதால் இலவச அளவு சீக்கிரம் தீர்ந்துபோகும், அவ்வளவுதான். கூகுள் தேடலில் அடிவாங்குமோ என்று பலர் கேட்கிறார்கள். ஏஐ எழுதியது என்பதற்காகவே ஒதுக்க மாட்டோம் என்று கூகுள் 2023 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. 2024 மார்ச்சில் வந்த விதி, பயன் இல்லாமல் மொத்தமாகக் குவிக்கும் பக்கங்களைக் குறிவைத்தது. அதை மனிதர் குவித்தாலும் இயந்திரம் குவித்தாலும் ஒன்றுதான்.

என் முடிவை மாற்றியது சரிபார்க்கும் வேலை.

கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி ஒரு கருவி எழுதித் தந்த கட்டுரையில் முல்லைப் பெரியாறு அணையின் உயரம் 142 அடி என்று இருந்தது. படிக்கிற வெளியூர்க்காரர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். எங்கள் ஊரில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவருக்கே தெரியும், 142 என்பது நீரைத் தேக்க 2014 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அனுமதித்த மட்டம். அணையின் மேல்மட்டம் 155 அடி, முழுக் கொள்ளளவு மட்டம் 152 அடி. 1979இல் நீர்மட்டத்தைக் குறைத்து வைத்தது 136. எல்லாமே உண்மையான எண்கள்தான். ஒன்று இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. இப்படிப்பட்ட பிழையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் எண்ணைத் தேடினால் அது கிடைக்கவும் செய்யும். கேரளாவுக்கு ஏறும் கம்பம் மெட்டு மலைப்பாதைக்கு இந்தப் பக்கம் ஒருவர், கேரளாவின் குமுளிப் பக்கம் ஒருவர் என்று இரண்டு மாநிலத்திலும் வாடிக்கையாளர் இருக்கிற கடைக்கு, பெரியாற்று எண்ணில் தவறு வந்தால் ஏலக்காய்த் தரத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஏலக்காய் பற்றியே வாங்கிய இன்னொரு கட்டுரை, நல்ல பச்சை நிறத்துக்குக் காயை வெயிலில் காயவைக்கச் சொன்னது. வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும். பச்சை நிற்க வேண்டும் என்றுதான் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் அறையில், சூடு கொடுத்துக் காயவைக்கிறார்கள். தோட்டம் பக்கமே போகாத ஒருவர் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பார். கட்டுரையின் நடை அவ்வளவு திடமாக இருந்தது.

இதே விஷயத்துக்கு, விடியுமுன் ஜீப் ஏறிக் கம்பம் மெட்டு வழியாகக் காய் எடுக்கப் போகும் எங்கள் தெரு அக்காவிடம் கேட்டேன். "பழுக்க விட்டா ஸ்டோர்ல வெடிச்சுப் போகும்ப்பா. பிஞ்சைப் பறிச்சா சுருங்கிப் போயிரும், எடையும் நிக்காது. அதுக்கு நடுவுல பார்த்து எடுக்கணும். ஒரு செடிக்குப் போனா மறுபடி முப்பது, நாப்பது நாள் கழிச்சுத்தான் போவோம்" என்றார். இரண்டு விரலால் காயைத் திருகி எடுப்பதையும் காட்டினார். கட்டுரைக்கு வேண்டியது எல்லாம் அதிலேயே இருந்தது. பொட்டலத்தில் ஏன் வெடித்த காய் கிடக்கிறது என்று கேட்டு வரும் வாடிக்கையாளருக்கு இப்போது அந்தக் கட்டுரையைத்தான் அனுப்புகிறேன்.

சரிபார்ப்பு வெளியிடும் அன்றோடு முடிவதும் இல்லை. ஏலக்காய் விலை போடியிலும் கேரளாவின் புற்றடியிலும் நடக்கும் ஏலத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். பழைய கட்டுரையை அவ்வப்போது திருத்த வேண்டும். அக்கா சொன்னதில் சந்தேகம் வந்தால் அக்காவையே கேட்கலாம். கருவி தந்த வரியில் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? அதையே திரும்பக் கேட்டால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறொரு பதில் சொல்கிறது. கடைசியில் ஒவ்வொரு வரியையும் முதலிலிருந்து நாமே தேட வேண்டியிருக்கிறது. எழுதுவதில் மிச்சமான நேரம் அங்கே போய்விடுகிறது.

கருவியை நான் ஒதுக்கிவிடவில்லை. நீளமான பேச்சைப் பத்தி பிரிக்க, தலைப்புக்கு நாலு யோசனை கேட்க, வெளிமாநில வாடிக்கையாளருக்கு ஆங்கிலச் சுருக்கம் போட அதுதான் கை கொடுக்கிறது. காசு கட்டி வாங்கும் பதிப்புகளைக் கொஞ்ச நாள்தான் ஓட்டினேன். இணையத்தில் தேடி, எடுத்த இடத்தின் சுட்டியோடு எழுதும் வசதி அவற்றில் நன்றாகவே இருந்தது. பொதுவான தலைப்பில் எழுதுகிறவருக்கு அது போதுமாக இருக்கலாம். எங்கள் தோட்ட வேலையைப் பற்றித் தமிழில் எழுதி வைத்த பக்கங்களே குறைவு என்பதால் எனக்கு அதிலும் பெரிதாக எதுவும் சிக்கவில்லை.

ஊர்த் தொழிலைப் பற்றி எழுதப் போகிறவர்கள் ஒலிப்பதிவிலிருந்தே தொடங்குங்கள். ஒலிக்கோப்பை அழிக்காதீர்கள். யார் சொன்னது, எந்த மாதம் என்று கோப்பின் பெயரிலேயே போட்டுவைத்தால், அடுத்த வருடம் திருத்த உட்காரும்போது தேட வேண்டியிருக்காது.